நாரை சேர்த்த நான்காவது குரல்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசின. பேசியதோடு நிற்காமல் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டன. அப்படி ஓர் ஒப்பந்தம் ஏழுகல் சுனையில் இருந்தது.

மலையின் பாதி உயரத்தில் வட்டமான ஒரு சுனை. கோடையில் அந்தப் பக்கத்துக்கே அதுதான் தண்ணீர். கரையைச் சுற்றி ஏழு கற்கள். முதல் கல்லில் மயில். அடுத்தடுத்துக் காளை, வெள்ளாடு, நாரை, குயில், குதிரை, யானை. யானைக்கு அடுத்து மறுபடியும் மயிலின் கல் வந்துவிடும். அவரவர் கல்லில் நின்று அவர்கள் எழுப்பிய குரல்களைத்தான் இன்று நாம் ச, ரி, க, ம, ப, த, நி என்கிறோம்.

கற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை. ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு எட்டு வைக்க வேண்டும். ஆட்டுக்கும் நாரைக்கும் நடுவில் மட்டும் ஒரே எட்டு. யானைக்கும் மயிலுக்கும் நடுவிலும் அப்படியே. இதனால் நாரையும் யானையும் சுனையின் இரு கரைகளில் நேருக்கு நேர் நிற்கும்படி ஆயிற்று. ஏழு பேரில் வேறு எந்த இருவரும் அப்படி நிற்கவில்லை.

அது ஒரு தொல்லை. இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் இரண்டும் நடுத்தண்ணீரில் முட்டிக்கொள்ளும். கேட்பவருக்குப் பல் கூசும். ஒருமுறை அப்படி நடந்து, தவளைகள் ஒரு மாதம் சுனைப் பக்கம் திரும்பவில்லை. அதனால் எதிரெதிரே நிற்பவர்கள் சேர்ந்து குரல் எழுப்பக் கூடாது, மீறினால் இருவருக்கும் கல் இல்லை என்று விதி வைத்தார்கள். நாரை காலையில் மட்டும் கத்தியது. யானை மாலையில் மட்டும் பிளிறியது.

ஒப்பந்தத்தின் மறுதரப்பு சிறுத்தை. சூரியன் மேற்கு முகட்டைத் தொட்டபின் கல்லில் நிற்பவர் யாரும் இறங்கக் கூடாது. அப்போது மயில், ஆடு, குயில் மூன்றும் சேர்ந்து குரல் கொடுக்கும். அதற்கு வீட்டுக்குரல் என்று பெயர். அது விழுந்தால் பொழுது முடிந்தது. விடியும்வரை சிறுத்தை யாரையும் தொடாது. கிழக்குப் பாறையின் உச்சியில் கடைசி வெயில் இருக்கும்போதே வீட்டுக்குரல் விழ வேண்டும். விழாவிட்டால் கரையில் கிடைப்பது சிறுத்தைக்கு. தடுக்க யாராவது கல்லைவிட்டு இறங்கினால் ஒப்பந்தமே முறிந்தது.

"இதுல உனக்கு என்ன லாபம்?" என்று காளை அப்போதே கேட்டது.

"என்னிக்காவது ஒரு நாள் தவறாதா?" என்றது சிறுத்தை.

அதற்குப் பொறுமை இருந்தது. ஆறு வருடம் தினமும் மாலையில் சரிவில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குரலைக் கேட்டதும் எழுந்து போயிற்று.

ஏழாம் வருடம் பங்குனியில் ஒரு நடுப்பகல். காலையிலிருந்து ஒரு மீன்கூடச் சிக்காத எரிச்சலில் நாரை நின்றிருந்தது. பக்கத்தில் மயில் தோகையை ஒவ்வோர் இழையாகக் கோதிக்கொண்டிருந்தது.

"தினமும் வர்றே, ஒரே ஒரு சத்தம் போடறே, போயிடறே. அதுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றது நாரை.

"அந்த ஒரு சத்தம் இல்லாட்டி உங்களுக்குப் பொழுதே அடையாது."

"யார் சொன்னா? குயில் இருக்கு, யானை அண்ணன் இருக்கார், காளை இருக்கு. மூணு பேர் சேர்ந்தா போதாதா? உன் சத்தத்தைவிட நல்லாவே இருக்கும்."

மயில் கோதுவதை நிறுத்தியது. "அப்படியா? சரி. இன்னிக்கு நல்லதையே கேட்டுக்குங்க."

பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலைத் தினைக்காட்டுக்குப் பறந்துவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மயில் கோபித்துக்கொள்வது வாரத்துக்கு இரண்டு முறை நடப்பதுதான். மாலையில் வந்துவிடும்.

அன்று பிற்பகல் வெள்ளாடு அதன் கல்லிலேயே குட்டி போட்டது. ஒரே குட்டி. எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி பார்த்தது.

சூரியன் மேற்கு முகட்டைத் தொட்டது. அவரவர் கல்லுக்கு வந்து நின்றார்கள். மயிலின் கல் காலியாக இருந்தது. சரிவில் சிறுத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஆறு வருடத்தில் முதன்முறையாக அது உட்காராமல் நின்றது.

"இன்னும் வரலையா?" என்றது ஆடு. "நான் எங்கே ஓடறது? இதுக்கு நிக்கவே வரலை."

யானை கிழக்குப் பாறையைப் பார்த்தது. வெயில் பாறையின் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

"நான் ரெண்டு எட்டு வச்சா அவன் ஓடிடுவான்," என்றது யானை. "இன்னிக்கு ஓடிடுவான். ஒப்பந்தமும் போயிடும். நாளைக்கு நான் மூங்கில் காட்டுல இருப்பேன், அவன் இங்க இருப்பான்."

"அப்போ மயிலைக் கூப்பிடுவோம்," என்றது குயில். "சத்தமா, ஒழுங்கா, மூணு பேரும்."

குயில் தொடங்கியது. யானை சேர்ந்தது. காளை சேர்ந்தது. ப, நி, ரி. மூன்று குரலும் பிசிறில்லாமல் ஒன்றாக நின்றன. பள்ளத்தாக்கு முழுவதும் நிறைந்தது. அந்த அவசரத்திலும் குதிரை தலையை ஆட்டி ரசித்தது.

எதிர்மலையில் மயிலுக்கு அது தெளிவாகக் கேட்டது. காதைச் சாய்த்துக் கேட்டது. 'நாரை சொன்னது சரிதான். நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நாம எதுக்கு?' என்று நினைத்தது. தினைக்கதிர் ஒன்றை வளைத்துக் கொத்தத் தொடங்கியது.

அழகாகக் கூப்பிட்டதுதான் அவர்கள் செய்த தவறு.

வெயில் பாறையின் தோள்பட்டைக்கு ஏறியது. சிறுத்தை சரிவில் இறங்கத் தொடங்கியது. அவசரப்படவில்லை.

"வரலையே," என்றது காளை. "இன்னும் சத்தமா போடுவோமா?"

"சத்தம் போதும்," என்றது குயில். "கூப்பிடற மாதிரி இல்லையே அது. நாமளே ஒரு வீடு கட்டி, உள்ளே உக்காந்துட்ட மாதிரி இருந்தது. அதைக் கேட்டா எனக்கே எங்கேயும் போகத் தோணாது. அதை நிலைகுலைக்க இன்னொரு குரல் வேணும்."

"நானும் சேரட்டுமா?" என்றது குதிரை.

"நீ சேர்ந்தா கூட்டம்தான் பெருசாகும்," என்றது காளை.

குயில் கற்களைச் சுற்றிப் பார்த்தது. "என்கிட்டேருந்து எண்ணுங்க. நான் ஒண்ணு, குதிரை ரெண்டு, யானை அண்ணன் மூணு, மயில் நாலு, காளை அஞ்சு. இப்போ கூப்பிட்டது ஒண்ணு, மூணு, அஞ்சு. அதே மாதிரி ஒரு கல் விட்டு ஒரு கல் போனா அடுத்தது யாரு?"

"ஆடு ஆறு," என்றது காளை. அதற்கு மேல் எண்ணாமல் நிறுத்திக்கொண்டது.

எல்லோரும் நாரையைப் பார்த்தார்கள். அதுதான் ஏழு.

நாரை ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே எட்டு தூரம். குட்டி மறுபடி எழுந்து, முன்கால் மடங்கி விழுந்தது. மயிலிடம் மதியம் பேசியது வேறு யாருமல்ல, தான்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாரைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சேர்றேன்," என்றது.

"என்னோட சேர்ந்தா ரெண்டு பேருக்கும் கல் போயிடும். ஞாபகம் இருக்கில்ல?" என்றது யானை.

"இருக்குண்ணே. வாயைக் கொடுத்தது நான். நீங்க வேணும்னா நிறுத்திக்குங்க, கல்லாவது மிஞ்சும்."

"நான் நிறுத்தினா நீ கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டு யானை துதிக்கையைத் தூக்கியது.

குயில் தொடங்கியது. யானை, காளை சேர்ந்தன. நாரை கழுத்தை நேரே நீட்டி நான்காவது குரலைச் சேர்த்தது. ப, நி, ரி, ம.

நடுத்தண்ணீரில் நாரையின் குரலும் யானையின் குரலும் முட்டின. சுனை மேற்பரப்பு நடுங்கியது. குதிரை காதுகளை மடக்கிக்கொண்டது. சற்று முன் நன்றாக நிலைத்து நின்ற அதே மூன்று குரல்கள் இப்போது சரியத் தொடங்கிய கூரைபோல ஒரு பக்கம் சாய்ந்தன. விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. குயிலுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. நால்வரில் ஒருவரும் நிறுத்தவில்லை.

எதிர்மலையில் மயிலின் அலகில் ஒரு தினை மணி இருந்தது. அதை விழுங்க முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை. ஒரு காலை மாற்றி நின்றது. மறுகாலை மாற்றியது. கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார உடம்பு சம்மதிக்கவில்லை. அதை முடித்துவைக்க ஒரே ஒரு குரல் வேண்டும். அது தன்னுடையது. மயில் கதிரை விட்டுவிட்டு எழும்பியது.

வெயில் பாறையின் உச்சி முனையில் நின்றது. சிறுத்தை முன்னங்காலை ஆட்டின் கல் ஓரத்தில் வைத்தது. ஆடு குட்டியின் மேல் குறுக்கே நின்றுகொண்டது.

மயில் தோகை தண்ணீரில் இழுபட வந்து இறங்கியது. கல்லில் கால் பட்டதோ இல்லையோ, அகவியது. ஆடு தொண்டை கிழியக் கத்தியது. குயில் ஏற்கெனவே கூவிக்கொண்டுதான் இருந்தது. அது குரலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ச, க, ப. வீட்டுக்குரல் விழுந்தது.

சிறுத்தை காலை எடுக்காமல் கிழக்கே திரும்பியது. "வெயில் இருக்கா?"

"இருக்கு," என்றது குதிரை. அதன் கல்லிலிருந்துதான் உச்சி நன்றாகத் தெரியும். "நகக்கண் அளவு."

சிறுத்தை தானும் பார்த்துக்கொண்டது. அந்த வெயில் போகும்வரை பார்த்துவிட்டுக் காலை எடுத்தது.

"சரி, விழுந்துடுச்சு. ஆனா எதிரெதிர் ஆளுங்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினாங்க. அந்த விதியைப் போட்டது நான் இல்லை, நீங்கதான். எனக்கு மட்டும் சட்டம் பேசுவீங்க, உங்களுக்குக் கிடையாதா?"

"யாரும் இல்லைன்னு சொல்லலை," என்றது யானை. ஓர் எட்டு எடுத்து வைத்து மயிலின் கல்லில் ஏறியது. இருவருக்கும் இடம் போதவில்லை. மயில் தோகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போயிற்று.

நாரையும் ஓர் எட்டு இறங்கி ஆட்டின் கல்லுக்கு வந்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இது ஒண்ணுமே வேண்டியதில்லை," என்றது ஆடு. பிறகு குட்டியை மூக்கால் நகர்த்தி இடம் விட்டது. "அந்தப் பக்கம் நில்லு. அங்கேருந்துதான் காத்து அடிக்குது."

நாரை காற்று வரும் பக்கம் போய் நின்று, இறக்கையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டது. தனியாக நிற்கப் பிடிக்காமல் காளையும் மயிலிடம் போய்ச் சேர்ந்தது. குயில் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். மயில் எங்கே போனாலும் திருப்பிக் கொண்டுவர இந்த நான்கு குரலைத் தவிர வேறு வழி கிடையாது என்பது தெரிந்துவிட்டது. அதனால் விதியைத் திருத்தினார்கள். நாரைக்கும் யானைக்கும் மற்ற வேளைகளில் அவரவர் கல் உண்டு. அந்த நால்வர் அழைப்பில் சேர்ந்தால் மட்டும், அழைப்பு முடிந்ததும் இருவரும் கல்லைவிட்டு விலக வேண்டும். யானை ஏற வேண்டியது மயிலிடம், நாரை இறங்க வேண்டியது ஆட்டிடம். மயில், எவ்வளவு கோபமாக இருந்தாலும், வந்தாக வேண்டும். சிறுத்தையும் ஒப்புக்கொண்டு, வழக்கம்போல் சரிவில் போய் உட்கார்ந்தது.

மனிதர்கள் பின்னால் வந்தார்கள். இதைக் கேட்டுப் பழகி, ஆர்மோனியத்திலும் பியானோவிலும் கிட்டாரிலும் வைத்துக்கொண்டார்கள். குயிலிலிருந்து எண்ணி ஏழாவதாக நாரை சேர்ந்ததால் குயிலின் இடத்தை டாமினன்ட் என்று அழைக்கும் மேற்கத்திய இசைக்காரர்கள் அந்த நால்வர் அழைப்புக்கு டாமினன்ட் செவன்த் என்று பெயர் வைத்தார்கள். குயிலின் இடத்தை ஜி என்று சொல்பவர்கள் ஜி செவன் என்கிறார்கள். மாதா கோயிலில் பாட்டு முடியும் தறுவாயில் ஆர்கன் வாசிப்பவர் அந்த நான்கு கட்டைகளை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டால், இசையே படிக்காத ஆள்கூடப் பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அன்றைய மாலையிலிருந்துதான், ப, நி, ரி, ம நான்கும் சேர்ந்து ஒலித்தால், நி ஓர் எட்டு ஏறிச் ச-விடமும் ம ஓர் எட்டு இறங்கிக் க-விடமும் போய்ச் சேரும்வரை, கேட்பவர் யாருக்கும் மனம் அடங்குவதில்லை.