அழிக்கும் அறை

ஜெசிந்தாவிடம் வேலை படிக்க வந்தபோது ஆவுடையப்பனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவளுக்கு நாற்பது ஆகவில்லை.

பாளையங்கோட்டையில், நோயாளிகளின் வீட்டுக்கே நர்சுகளை அனுப்பும் கம்பெனி அது. வேலையில் சேருகிறவர்களுக்கு ஒரு போன் கொடுப்பார்கள். விலகும்போது திருப்பித் தர வேண்டும். அப்படித் திரும்பி வரும் போன்களை வாங்கி, உள்ளே இருப்பதை அழித்து, நல்லதை அடுத்த ஆளுக்கும் கெட்டதை மறுசுழற்சிக்காரருக்கும் அனுப்பிவைப்பது ஜெசிந்தாவின் அறை. அந்த அறையின் சீல் விழாமல் கம்பெனியில் ஒரு போனும் செத்ததாகாது.

ஆவுடையப்பன் அதே கம்பெனிக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி நோயாளிகளைப் பிடித்துக் கொடுத்தவர். முழங்கால் போன பிறகு அவரை இங்கே உட்கார வைத்தார்கள். இங்கும் தேறாவிட்டால் வீடுதான்.

எல்லோரும் ஜெசிந்தாவை டீச்சர் என்றார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

முதல் நாள், முதுகு வீங்கிய ஒரு போனைக் குப்பைக்கூடையில் போட்டார். ஜெசிந்தா அதை எடுத்து, தீப்பிடித்துவிடாமல் மணல் வாளிக்குள் வைத்தாள்.

"செத்த போன்தானே டீச்சர்?"

"அது பேட்டரிக்குத் தெரியாதே அண்ணாச்சி."

இன்னொரு நாள் அவசரப்பட்டார். வேலையை விட்ட ஒரு டிரைவரின் போன். அவன் தன் கணக்கிலிருந்து வெளியேறினானா என்று பாராமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். போன் மறுபடி விழித்துக்கொண்டு பழைய ஆளின் கடவுச்சொல்லைக் கேட்டது. என்ன தட்டினாலும் மசியவில்லை.

"கல்லாக்கிட்டேனே டீச்சர். இப்போ என்ன செய்ய?"

"அது யாரைக் கேக்குது?"

"அந்த டிரைவரைத்தான்."

"அப்போ அவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

சண்டை போட்டு விலகியவன் அந்த டிரைவர். ஆவுடையப்பன் மேலப்பாளையம் வரை போனார். அவன் வாசலிலேயே நிறுத்தி வைத்து ஏசினான். "என்னை அழிச்சது போதாதுன்னு போனையும் அழிச்சுட்டு வந்து நிக்கீரா வே?" ஆத்திரம் அடங்கிய பிறகு போனை வாங்கினான். முதுகைக் காட்டி நின்று தானே தட்டித் திறந்து கொடுத்தான்.

திரும்பி வந்தவருக்கு மனசு ஆறவில்லை. "என்கிட்டச் சொன்னா நான் தட்டியிருக்க மாட்டேனா? அப்படி என்ன பெரிய ரகசியம்?"

"உங்களோடதைச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் சட்டைப்பையில் இருந்த தன் கம்பெனி போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேன், பேச்சித்தாய் என்ற நர்சின் போனைக் கொண்டுவந்தான். அவளாகக் கொடுத்தது இல்லை. முந்தின நாள் அவளை வேலையை விட்டு அனுப்பி, வாசலில் வைத்துப் பிடுங்கியிருந்தார்கள்.

பேச்சித்தாய் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் மூச்சு முட்டி இறந்துபோயிருந்தார். நர்சின் கவனக்குறைவு என்றது கம்பெனி. ஆக்சிஜன் தீரப்போகிறது, சிலிண்டர் அனுப்புங்கள் என்று மதியத்திலிருந்து ஆபீசுக்குக் குரல் பதிவாகப் பேசி அனுப்பிக்கொண்டே இருந்தேன் என்றாள் அவள். ஆபீஸ் போனில் அந்தக் குரல் இப்போது இல்லை. இருந்ததெல்லாம் அவள் போனில்தான். திங்கட்கிழமை விசாரணை. பழி அவள் மேல் நின்றுவிட்டால் இனி எந்த ஊரிலும் நர்சாக நிற்க முடியாது.

ஜெசிந்தா உடனே பேச்சித்தாயின் தம்பியைப் போனில் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பிறகு போனை மேசை நடுவில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாள்.

மதியம் மேனேஜர் அருள்வாசகனே வந்தார்.

"அது முடிஞ்சுதாம்மா?"

"அவ வரட்டும் சார்."

"எதுக்கு?"

"அவ பேசினது உள்ளே இருக்கு. எடுத்துக்கிடட்டும். பிறகு அவ கையாலேயே அழிக்கட்டும்."

"போன் கம்பெனியோடதும்மா."

"போனை யாரும் கேக்கலையே சார்."

அருள்வாசகன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அழிக்கிறதுதானே உன் வேலை? மாட்டேன்னா உனக்கு இங்கே என்ன வேலை?"

"அதைத்தான் நானும் காலையிலேர்ந்து யோசிக்கேன்."

அவர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க முடிங்க. முறைப்படி அழிச்சு சீல் போட்டுருங்க. வேலைதான் படிச்சாச்சே. நாளையிலேர்ந்து அந்த நாற்காலி உங்களுக்கு."

ஜெசிந்தாவின் அந்த நாற்காலியை ஆவுடையப்பன் பல மதியங்களில் பார்த்திருக்கிறார். அவர் முழங்காலுக்கு ஏற்ற உயரம். பேச்சித்தாயின் போனைக் கையில் எடுத்தார். உறையில் மருந்து வாசனை இருந்தது.

"டீச்சர், நான் என்ன செய்ய?"

ஜெசிந்தா கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்தாள். அதுவும் கம்பெனி கொடுத்ததுதான். கணக்கிலிருந்து வெளியேறினாள். சிம்மைக் கழற்றிப் பர்சுக்குள் போட்டாள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. விரலை வைத்தாள். திரை கறுத்து, மெல்ல வெளுத்து, அவளை இதற்கு முன் பார்த்தே அறியாதது போல வணக்கம் சொன்னது.

அதை மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"இதையா அழிக்கச் சொன்னேன்?"

"நான் அழிக்கக்கூடியது இது ஒண்ணுதான் சார். முறைப்படி முடிச்சாச்சு. சீல் அண்ணாச்சி போடுவார்."

அருள்வாசகனின் கழுத்து சிவந்தது. "போறதா இருந்தா போ. உன்னை யாரும் பிடிச்சு வைக்கலை." வாசல் வரை போய்த் திரும்பினார். "அண்ணாச்சி, எம்.டி.யைப் பார்த்துட்டு வாரேன். வரும்போது அதுல ஒரு சத்தம் மிச்சம் இருக்கக் கூடாது."

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறி ஓய்ந்தது.

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுத் தூக்கையும் பைக்குள் வைத்தாள். மேசையைத் துடைத்தாள்.

"பேச்சித்தாய் வந்துருவாளா டீச்சர்?"

"பஸ் ஏறிட்டா. அறையிலே அண்ணாச்சி இருப்பார்னு சொல்லியிருக்கேன்."

"நானா? காலையிலேயே சொன்னீங்களா?"

"காலையிலேயேதான்."

ஆவுடையப்பன் கையிலிருந்த போனை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அவ வாரதுக்குள்ளே அவர் இறங்கி வந்துட்டார்னா?"

"வரலாம்."

"நான் அழிக்கலைன்னா என்னையும் அனுப்பிருவாங்களே. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கே போய் ஏறி இறங்க?"

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டினாள். கதவருகே போய் நின்றாள்.

"உங்க போன்ல என்ன வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன பெருசா… மக கல்யாணப் போட்டோ. எங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினது ஒண்ணு."

"அவர் இறங்கி வாரதுக்குள்ளே அதை எடுத்து வச்சுக்கிடுங்க."