வெட்டிவேர் மெத்தை

மலைச்சரிவில் ஒரு வளை. அதில் சிலும்பி என்ற முள்ளம்பன்றி தன் ஒரே குட்டியோடு குடியிருந்தது. சரிவு முழுக்க வெட்டிவேர்ப் புல். கீழே ஒரு குளம்.

சிலும்பிக்குப் பகல் தூக்கம் என்றால் உயிர். ஒருநாள் ஒரு வெட்டிவேர்த் தூரைப் பிடுங்கியது. வேரை மட்டும் கடித்தெடுத்து, தூரைச் சரிவில் உருட்டிவிட்டது. வேரை வளையில் பரப்பிப் படுத்தது. அடடா, என்ன வாசனை! கண்ணை மூடியதும் கனவு. மேகத்தின் மேல் படுத்து, மெல்ல மெல்ல மிதந்து போனது சிலும்பி.

அப்புறம் கேட்கவா வேண்டும்? தினம் நாலு தூர், பத்துத் தூர் என்று பிடுங்கியது. மெத்தை உயர்ந்தது, சரிவு மொட்டையானது.

குளத்தங்கரை நண்டு மூச்சிரைக்க மேலே வந்தது.

“ஏ சிலும்பியக்கா! நீ வேரைப் பிடுங்கினதுல இருந்து சின்னத் தூறலுக்கே மண்ணு கரைஞ்சு வந்து என் வாசலை மூடுது! மூணு தடவை தோண்டிட்டேன்!”

“மலையில மண்ணுக்கா பஞ்சம்? போ தம்பி, நல்ல கனவைக் கெடுக்காதே!” என்று கொட்டாவி விட்டது சிலும்பி.

மறுநாள் பெரிய மழை. சிலும்பி சுகமாகத் தூங்கியது. கனவில் மேகம் நகர்ந்தது. ‘ஆகா, இன்றைக்கு என்ன வேகம்!’ என்று சிரித்துக்கொண்டது.

“அம்மா! வீடு ஓடுது!” என்று குட்டி அலறியது.

கண்ணைத் திறந்தால் மேகமாவது ஒன்றாவது! வளை, மெத்தை, சரிவு எல்லாம் சேறாகச் சரிந்து குளக்கரையில் வந்து விழுந்தன. சிலும்பி எழுந்து பார்த்தது. குட்டியைக் காணோம்!

“ஐயோ, என் தங்கமே!” என்று வயிற்றில் அடித்துக்கொண்டது.

நண்டு ஓடி வந்தது. சேற்றில் ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் பரபரவென்று தோண்டியது. சிலும்பியும் தோண்டியது. குட்டி தும்மிக்கொண்டே வெளியே வந்தது. சிலும்பி அதைக் கட்டிக்கொண்டு அழுதது. அதன் முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

அழுகை ஓய்ந்து பார்த்தால், சேறு மூடாத கரையோரம் பச்சைப்பசேல்! சிலும்பி உருட்டிவிட்ட தூர்கள் அங்கே துளிர்த்து நின்றன. வெட்கத்தோடு அவற்றைப் பெயர்த்து, சரிவில் மேலிருந்து கீழாக வரிசையாக நட்டது.

நண்டு விழுந்து விழுந்து சிரித்தது. “அக்கா, இப்படி நட்டா தண்ணிக்கு நீயே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி! நான் நடக்கிறதைப் பாரு. குறுக்கே நடு!”

நண்டு சரிவின் குறுக்கே பக்கவாட்டில் நடந்தது. அதன் பின்னாலேயே சிலும்பி நட்டுக்கொண்டு போனது. குட்டி மண்ணை மிதித்துவிட்டது.

புல் வேர்பிடித்தபின் அடுத்த மழை வந்தது. தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, மண்ணை இறக்கிவிட்டு, தெளிவாகக் குளத்தில் இறங்கியது.

புது வளையில் குட்டி கேட்டது: “அம்மா, மெத்தை இல்லாம கனவு வருமா?”

“வரும்டா, படு!”

வந்தது. சிலும்பியின் கனவிலும் அதே சரிவு, அதே மழை. ஈர மண்ணில் வெட்டிவேர் மணந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

மண்ணைப் பிடித்திருக்கும் வேரைத் தன் சுகத்துக்குப் பிடுங்குகிறவர், தன் காலடி நிலத்தையே இழப்பார்.