இராசமலரின் நேர்த்தி

“எனக்குக் கால் எப்ப வரும்? அதைச் சொல்லுங்கோ!”

விடிந்ததும் விடியாததுமாக வந்து அருளம்பலம் கத்தினார்.

“உங்க கால் என் பெட்டியிலயா இருக்கு, எடுத்துக் குடுக்க?” என்றார் நீலாவதி அம்மா.

பினாங்கில் முருகன் மலைக்கோயில் ஒன்றின் அடிவாரத்தில் சின்னதாகத் தியான மடம் நடத்துகிறவர் அவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. எழுபதைத் தாண்டிய ஆட்களிடமும் இப்படித்தான் வெடுக்கென்று பேசுவார். ஆனாலும் அருளம்பலம் தினமும் வந்தார். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் கோபப்படுவார்.

மனுஷன் கனடாக்காரர். போன பனிக்காலத்தில் ரொறன்ரோவில் வீட்டு வாசலிலேயே உறைபனியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நடந்தது. எலும்பும் பொருந்திவிட்டது. இந்தப் பனிக்கும் அங்கே இருந்தால் மறுபடி விழுவார் என்று பிள்ளைகள் பயந்து, தகப்பனையும் தாயையும் பினாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பங்குனி வரைக்கும் இங்கேதான் இருப்பு. கடற்கரையோடு வீடு. காலையில் வெதுவெதுப்பான கடலில் குளிப்பு, பிறகு ரொட்டி சானாய், நுரை பொங்கும் தேத்தண்ணீர். கொடுத்துவைத்த வாழ்வுதான்! ஆனாலும் மனுஷன் முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வலதுகையில் தடி. இடதுகை மனைவி இராசமலரின் வலது தோளில். கடலுக்குப் போனாலும் அப்படி, கக்கூசுக்குப் போனாலும் அப்படி. தோளை விடுங்கள், தடி போதும் என்று வைத்தியர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

“அவருக்கென்ன? விழுந்தது நானெல்லோ!” என்பார் அருளம்பலம்.

இன்றைக்கும் அதே பாட்டுத்தான்.

“வந்த நாள் தொட்டு இஞ்ச கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். ஒரு மாற்றமும் இல்லை. உங்கட தியானமும் மண்ணாங்கட்டியும்!”

நீலாவதி திரும்பி இராசமலரைப் பார்த்தார்.

இராசமலர் தூணில் சாய்ந்து, வலது தோளை இடதுகையால் பிசைந்துகொண்டிருந்தார்.

“அக்கா, முருகனுக்கு ஏதோ நேர்த்திக்கடன் வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே. மேல போய் அதைச் செலுத்திடுங்க.”

“இண்டைக்கோ?”

“இன்னிக்குத்தான்.”

அருளம்பலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்ன கதை இது! எனக்காக வைச்ச நேர்த்தி. நான் இன்னும் நடக்கேல்லை. பலிச்ச பிறகுதானே செலுத்திறது? பலிக்க முதலே தேங்காயை உடைச்சால், முருகனுக்கு முகத்துக்கு நேர பொய் சொன்ன மாதிரியெல்லோ!”

அவர் சொன்னது நியாயம்தான். நேர்த்தி விஷயத்தில் அவருடைய ஊர் ஆட்களுக்கு விளையாட்டுக் கிடையாது.

நீலாவதி எழுந்து வந்தார். அருளம்பலத்தின் கையிலிருந்த தடியைப் பிடுங்கி இராசமலரிடம் கொடுத்தார். மடத்துத் தேங்காய் ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

“ஏறுங்க அக்கா. மெதுவா.”

இராசமலர் கணவன் பக்கம் திரும்பவில்லை. தடியை ஊன்றிப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

“இராசம்! நில்லும்! நில்லும் எண்டு சொல்லுறன்!”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் நில் என்றால் நின்ற மனுஷி. இன்றைக்கு நிற்கவில்லை.

“என்ர தடி!”

“நீங்க உக்காருங்க,” என்றார் நீலாவதி. “உக்காந்து கோபப்படுங்க. அதுதானே உங்களுக்கு நல்லா வருது.”

அருளம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்து எழும்பினார். சுவரைப் பிடித்தார். பிறகு படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார்.

படிக்கு ஒரு வசவு. மனைவிக்கு ஒன்று, நீலாவதிக்கு ஒன்று, வைத்தியருக்கு ஒன்று, அனுப்பிவைத்த பிள்ளைகளுக்கு ஒன்று, ரொறன்ரோப் பனிக்கு ஒன்று. பாதி மலையில் வசவு தீர்ந்துபோய், முதலிலிருந்து தொடங்கினார்.

இடுப்பு நொந்தது. நோகட்டும்! அந்த மனுஷி முருகனை ஏமாற்றுவதற்கு முன்னம் போய்ப் பிடிக்கவேண்டும்.

கைப்பிடியை எந்த இடத்தில் விட்டார் என்று அவருக்கே தெரியாது.

மேலே, தேங்காய் உடைக்கிற கல்லின் முன்னால் இராசமலர் நின்றுகொண்டிருந்தார்.

“நிப்பாட்டும்! நான் இன்னும் நடக்கேல்லை! நடக்காதவனுக்கு என்ன நேர்த்தி?”

“யாரு நடக்கல?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நீலாவதி. வழி முழுக்கப் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறார்.

அருளம்பலம் கீழே பார்த்தார். மடத்துக் கூரை எங்கோ கிடந்தது. தன் காலைப் பார்த்தார்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் கோபத்தை அவ்வளவு சுலபமாக விட மனம் வரவில்லை.

“சரி சரி, பலிச்சிட்டுது. தேங்காயை உடையும்.”

இராசமலர் தேங்காயை இடதுகையில் எடுத்தார்.

“இடக்கையாலையோ! சாமிக்கு ஆரும் இடக்கையால செய்வினமோ? அதுவும் என்ர காலுக்கு வைச்ச நேர்த்தி! அறிவிருக்கோ உமக்கு?”

“வலக்கை மேல எழும்பாது.”

“எப்ப தொடக்கம்?”

“நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலால எழும்பின நாள் தொடக்கம்.”

அந்தக் குரலில் இருந்தது கோபம். சும்மா கோபமில்லை. இவ்வளவு காலமும் அதை எங்கே வைத்திருந்தாரோ!

“உங்கட காலுக்கு நேர்த்தி வைச்சனான் எண்டு ஆர் சொன்னது?” என்றார் இராசமலர்.

“பின்னை?”

“உங்கட கை என்ர தோளை விட்டு எடுபடோணும். அதுக்குத்தான் வைச்சனான்.”

இடதுகையை ஓங்கி அடித்தார். தேங்காய் சிதறி, ஒரு துண்டு அருளம்பலத்தின் காலடியில் வந்து விழுந்தது.

அவர் இறங்கத் திரும்பினார். பழக்கதோஷம், இடதுகை தானாக மனைவியின் தோளை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“கைப்பிடி அந்தப் பக்கம் இருக்கு,” என்றார் நீலாவதி.