கொடிக்குப் பிறகு ஒரு சுற்று

கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வரை நவிலனுக்கு ஒரே கேள்விதான். முன்னால் போகிறவனை எந்த வளைவில் தாண்டலாம்? ஃபார்முலா காரில் உட்கார்ந்த பிறகு கேள்வி மாறிவிட்டது. அடுத்த படிக்கு எப்போது ஏறுவது?

இந்த ஒற்றை இருக்கைக் கார்களில் யாரும் எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போய்விட முடியாது. சின்ன கார், அப்புறம் கொஞ்சம் பெரிய கார், அதற்கும் மேலே ஒன்று என்று படிப்படியாகத்தான். நவிலன் நின்றது முதல் படியில். அந்த வருடம் புள்ளிகளில் முதலாவதாக முடிப்பவனுக்கு அடுத்த படியில் ஓர் இருக்கை என்று அறிவித்திருந்தார்கள். மிச்சம் இருந்தவை இரண்டே பந்தயங்கள். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, இரண்டும் கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கிற பந்தயத் தடத்தில்.

அவனுக்குக் குரு பியூலா. ஒரு காலத்தில் தானே பந்தயக் கார் ஓட்டியவர். இப்போது ஓட்டுகிற பிள்ளைகளைப் பழக்குகிறார். அதிகம் பேச மாட்டார். எங்கே போனாலும் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும்.

சனிக்கிழமை காலையில் நவிலன் அவரிடம் வந்து நின்றான்.

"அக்கா, மேல போறதுக்கு என்ன பண்ணணுங்க?"

பியூலா டப்பாவைத் திறந்து நீட்டினார். பொடி தடவிய இட்லி.

"சாப்பிடு."

"வேண்டாங்க. ஒவ்வொரு இட்லியும் வெயிட்டு. கார் இழுக்காது."

"சரி. கொடி காட்டினதுக்கு அப்புறம் ஓரமா, குப்பையில வா."

இதை அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கார்கள் சூடாக ஓடும்போது டயர்கள் துருவல் துருவலாக உதிரும். அந்த ரப்பர்த் துருவல் எல்லாம் வளைவுகளின் வெளிப்பக்கம் குப்பையாக ஒதுங்கிக் கிடக்கும். பந்தயம் முடிந்ததற்குக் கொடி காட்டிய பிறகு மெதுவாகத் திரும்பி வருகிற அந்த ஒரு சுற்றில், விவரம் தெரிந்தவர்கள் அதன் மேலேதான் ஓட்டி வருவார்கள். சூடான டயரில் துருவல் அப்பிக்கொண்டு எடை கூடும். அது எதற்கு என்றால், பந்தயம் முடிந்ததும் காரையும் ஆளையும் சேர்த்து எடை போடுவார்கள். சொன்ன எடைக்குக் குறைந்தால் ஜெயித்தது ஜெயித்ததாகாது. எல்லா அணிகளும் அந்த ரப்பரை நம்பியேதான் எடையை இம்மி பிசகாமல் வைத்திருந்தன.

நவிலனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் ஜெயித்த காரைக் குப்பையில் உருட்டிக்கொண்டு வருவது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சாணி அள்ளுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

அன்று அவன்தான் முதலில் வந்தான். புள்ளிகளில் அவனுக்கு அடுத்ததாக இருந்த ஆம்பூர்ப் பையன் அஃப்சல் கடைசி வரை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்து இரண்டாவதாக முடித்தான். திரும்பி வரும் சுற்றில் நவிலன் தடத்தின் நடுவே, துடைத்து விட்ட மாதிரி இருந்த சுத்தமான பாதையில், கையை உயர்த்திக்கொண்டு வந்தான். அஃப்சலின் கார் ஓரத்தில் புல் மேய்கிற ஆடு மாதிரி வளைவு வளைவாக ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நவிலன் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டான்.

எடை மேடையில் அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். குறைந்த எடை அரைக் கிலோகூட இல்லை. ஆனாலும் குறைவு குறைவுதான்.

மெக்கானிக் துரைசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தின நாள் எடை போட்டபோது சரியாகத்தானே இருந்தது என்று புலம்பியவர், சட்டென்று நிறுத்தி, "ராத்திரி சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். நவிலன் ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை.

வெற்றி அஃப்சலுக்குப் போனது. வருடப் புள்ளிகளில் நவிலன் இன்னும் கொஞ்சம் முன்னால்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் அவனுக்கு இருக்கை. இல்லாவிட்டால் அதுவும் அஃப்சலுக்கு.

அஃப்சல் தேடி வந்து கையை நீட்டினான். "நல்லா ஓட்டின ப்ரோ. உன்னை என்னால தாண்டவே முடியல."

நவிலன் கையுறையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

சாயங்காலம் தடம் காலியான பிறகு பியூலா நடக்கக் கூப்பிட்டார். முதல் வளைவு வரும் வரை நவிலன் பொருமிக்கொண்டே வந்தான். கார் நன்றாக இருந்தது, கை நன்றாக இருந்தது, ஒருத்தனும் தன்னைத் தாண்டவில்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"முடிவுக் கோட்டை மொதல்ல தொட்டது நானுங்க. பந்தயம் அங்கயே முடிஞ்சு போச்சுல்ல?"

பியூலா காலி டப்பாவை அவனிடம் கொடுத்தார். "இதுல ரப்பரைப் பொறுக்கிப் போடு. நெறைய."

அவன் குனிந்து பொறுக்கினான். குனிந்து பழக்கம் இல்லாத முதுகு. டப்பா நிறைவதற்குள் இரண்டு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"இதுல உன்னோடது எது?"

விரலால் கிளறிப் பார்த்தான். எல்லாம் ஒரே கறுப்பு.

"தெரியலைங்க."

"அஃப்சலோடது?"

"அதுவும் தெரியலைங்க."

பியூலா மூடியை அழுத்தி மூடிவிட்டு மேலே நடந்தார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைசாமி ஓர் ஈயத் தகட்டைக் கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் திருகி வைத்துவிட்டால் எடைக்குப் பயமில்லை என்றார். எடை கூடினால் வேகம் குறையும் என்று எப்போதும் சண்டை போடுகிற நவிலன், அன்று அந்தத் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றார் பியூலா. "நேத்து இருந்த மாதிரியே இருக்கட்டும்."

"மறுபடியும் கொறஞ்சு போச்சுன்னா?" நவிலனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

பியூலா டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"அக்கா, இது நேத்து ரப்பர் போட்ட டப்பாங்களா?"

"கழுவிட்டேன். சாப்பிடு."

சாப்பிட்டான். துரைசாமியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, ஈயத் தகட்டை ஒரு தரம் பார்த்தார். "தகடு எதுக்குங்க? இந்த இட்லியே அதைவிடக் கனமா இருக்குமாட்ட இருக்குது."

"அதுக்குத்தான் செஞ்சேன்," என்றார் பியூலா.

பந்தயம் தொடங்கியதும் நவிலன் நான்காவது இடத்துக்குப் பின்தங்கினான். வெயில் கொளுத்தியது, தின்ற இட்லியெல்லாம் வியர்வையாய் ஓடிவிட்டது போல் இருந்தது. முடிகிற தறுவாயில் ஒருவன் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போக, அந்த இடைவெளியில் புகுந்து மூன்றாவதாக வந்தான். அஃப்சல்தான் முதல்.

கொடிக்குப் பிறகு நவிலன் காரை ஓரத்துக்கு இறக்கினான். பொடிக்கற்கள் அடியில் படபடவென்று அடித்தன. ஸ்டீயரிங் கையில் துள்ளியது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ விசிலடித்துக் கேலி செய்தார்கள். கொஞ்சம் முன்னால் அஃப்சலின் காரும் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆடுகளும் ஒவ்வொரு வளைவாக மேய்ந்துகொண்டே வந்து சேர்ந்தன.

எடை மேடையில் ஏறியதும் நவிலன் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டி, இறங்கச் சொன்னார்.

துரைசாமி பிடித்திருந்த மூச்சை விட்டார். "ஒரு கைப்பிடி ரப்பர் அளவுதான் தம்பி அதிகம். ஒரே கைப்பிடி."

புள்ளிக் கணக்கில் இருக்கை அவனுக்குத்தான். கட்டிப்பிடித்தவர்களிடமிருந்து விடுபட்டு நவிலன் காரைப் பார்க்க வந்தான். டயர் நான்கும் ரப்பர் அப்பி, பாகற்காய்த் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தன. தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு ஆறவில்லை.

பியூலா பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, இந்த ஒரு கைப்பிடி இல்லைன்னா நான் மேல போயிருக்க மாட்டேனுங்க."

"ஆமா."

"இது யாரோடதுங்க?"

பியூலா டப்பாவை அவன் கையில் வைத்தார்.

"நேத்து கை நீட்டினானே, அவன்கிட்ட போய்க் கேளு. ரெண்டு இட்லி மிச்சம் இருக்கு. அவனும் இன்னும் சாப்பிடல."