அங்காயியின் உலக்கைச் சத்தம்

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பசி அதிகமாகவும் இருந்த காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த ராஜாவுக்குக் காலையில் சிவப்பரிசிப் புட்டு வேண்டும். அதுவும் அங்காயி கையால் இடித்த மாவில் அவளே அவித்து அனுப்பும் புட்டுதான் வேண்டும். வேறு மாவு என்றால் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்குச் சபையில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

அங்காயி நாற்பது வயதுக்காரி. அவள் கணவன் பனையிலிருந்து விழுந்து காலொடிந்தவன், பெரும்பாலும் படுக்கைதான். நெல் குத்துவதும் மாவு இடிப்பதும்தான் அந்த வீட்டுக்குச் சோறு. சொத்து என்று சொல்ல, மாமனார் கட்டிய அந்தச் சின்ன வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குடியிருந்தவர் பேரருளாளர், அரண்மனைப் பண்டகசாலைக்குத் தலைவர். அருள் எல்லாம் பெயரோடு சரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே புலம்பல். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் டம் டம் என்று உலக்கை. தன் அந்தஸ்துக்கு ஒரு மாவிடிப்பவள் பக்கத்து வீட்டுக்காரியா என்ற எரிச்சல் வேறு.

ஒரு நாள் சபையிலே எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னா, அடியேன் இந்த ராஜ்ஜியத்துக்கு உழைத்து ஓய்ந்து வீட்டுக்குப் போனால் கண்ணயர வழியில்லை. அந்த மாவிடிக்கும் பெண்ணை ஊருக்கு வெளியே அனுப்பி அருள வேண்டும்."

ராஜா யோசித்தார். ஊருக்கு வெளியே போனால் புட்டு ஆறிப்போய் வருமே என்று அவருக்குக் கவலை. பண்டகசாலைத் தலைவரையும் பகைக்க முடியாது. யோசித்து யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார் பாருங்கள், ராஜாக்களுக்குத்தான் அப்படியெல்லாம் தோன்றும்.

"அவள் அதே வீட்டிலேயே இடிக்க வேண்டும். ஒரு பிடி மாவு குறையக்கூடாது. ஆனால் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."

சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பேரருளாளருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அதோடு விட்டாரா? அந்தச் சபையில் விடங்கன் என்று ஒரு விகடக்காரன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ராஜா அவனைத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது பேரருளாளருக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல். இன்றைக்கு நல்ல சமயம் வாய்த்தது என்று நினைத்தார்.

"இதைச் செய்து முடிக்க விடங்கனைத் தவிர வேறு யாரால் ஆகும், மன்னா? அவரிடமே ஒப்படையுங்கள். முடியவில்லை என்றால், பாவம், அவரும் சபைக்கு வருவதை நிறுத்திக்கொள்ளட்டும்."

"சரிதானே விடங்கா?" என்றார் ராஜா.

"சரி மன்னா. எட்டு நாள் கொடுங்கள்" என்றான் விடங்கன். வேறென்ன சொல்ல முடியும்? ராஜா கேட்கும்போது சரியில்லை என்று சொன்னவர்களின் கதை எதுவும் நம்மிடம் இல்லை.

விடங்கன் நேராக அங்காயி வீட்டுக்குப் போனான். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகமாட்டேன். நீங்க சமாதானம் பேச வந்திருந்தா இப்பவே சொல்லிப்புடறேன். என் வீட்டு மனுசன் தூணைப் பிடிக்காம நடக்க மாட்டாரு. இந்த வீட்ல எந்தத் தூண் எங்க இருக்குன்னு அவருக்குத் தடவித் தடவிப் பழகிப்போச்சு. வேற இடத்துல கொண்டுபோய்ப் போட்டா அவரு எழுந்திரிக்கவே மாட்டாரு. யாரு வந்து சொன்னாலும் சரி, நான் போகமாட்டேன்."

"போக வேண்டாம். நான் அதுக்கு வரலை. உரலை ஏன் அந்தச் சுவர் ஓரமாப் போட்டிருக்கே?"

"அங்கதான் நிழலு."

"மத்தியானத்துல ஏன் இடிக்கறே?"

"காலையில ஊறப்போட்ட அரிசி அப்பத்தான் பதமா இருக்கும்."

"அந்தப் பக்கம் அவர் அப்பத்தான் படுக்கறார், தாயி. அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு."

அங்காயி உலக்கையைச் சாத்திவிட்டு அவனையே பார்த்தாள். "இருக்குதான். யாரு இல்லைன்னா? மூணு வருசமா பக்கத்து வீடு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இந்தாம்மா, நான் தூங்கற நேரம்'னு சொல்லியிருந்தா மாத்திக்க மாட்டேனா? ராசா வரைக்கும் போயிட்டாரே."

முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றாள்.

செய்தார்கள். சுவரை விட்டுத் தள்ளி, கொல்லைக் கோடியில் கிணற்றுக்குப் பக்கம் ஒரு குழி வெட்டினார்கள். அடியில் வைக்கோலை அடுக்கி, மேலே மணலைக் கொட்டி, நாலு ஆள் சேர்ந்து உரலைத் தூக்கி அதில் இறக்கினார்கள். நிழலுக்கு ஒரு கீற்றுப் பந்தல் போட்டார்கள். அரிசியை முதல் நாள் பொழுது சாயும்போது ஊறப்போட்டு, காலையிலேயே இடித்து முடித்துவிடுவது என்று அங்காயி நேரத்தையும் மாற்றிக்கொண்டாள். பழகின இடமும் பழகின நேரமும் மாறியதில் முதல் நாள் அவளுக்குக் கை கொப்பளித்துவிட்டது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

பிறகு விடங்கன், பேரருளாளர் அரண்மனைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி அபயாம்பாள் கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பக்கத்து வீட்டில் இப்போது மாவு இடிக்கிறார்கள். ஏதாவது கேட்கிறதா?"

அபயாம்பாள் காதைத் தீட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலையே. காக்கா கத்தறதுதான் கேக்குது."

"அப்படியென்றால் உங்கள் வீட்டுக்காரரும் கேட்கவில்லை என்றுதானே சொல்வார்?"

அபயாம்பாள் சிரித்துவிட்டாள். "அவரா? அவர் தோத்துட்டுத் தூங்குவாரா? ஆனா ஒண்ணு, பச்சையா பொய் சொல்ல அவருக்கு வராது. சுவத்துல காத ஒட்டவச்சாவது எதையாவது கேட்டுட்டு வந்துதான் சொல்வார்."

விடங்கன் அந்த ஒரு பேச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்று சபையில் எழுந்து, "மன்னா, நாளையோடு கெடு முடிகிறது. நாளைக் காலை முழுவதும் பேரருளாளர் வீட்டிலேயே இருந்து கேட்டுவிட்டு, மாலையில் சபையில் வந்து சொல்லட்டும். எங்கே உட்கார்ந்து கேட்பார் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடட்டும்" என்றான்.

"வேறெங்கே? கூடத்து ஊஞ்சலில்தான். நான் படுப்பதும் அங்கேதான்" என்றார் பேரருளாளர்.

"மிக்க நன்று. இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி. தங்கள் பக்கத்துச் சுவரில் ஒரு பூச்சுப் பூச வேண்டும். அனுமதி உண்டா?"

"என்ன பூச்சு?"

"சாணிப் பூச்சு. கொஞ்சம் பச்சிலையும் உண்டு."

பேரருளாளர் சபையைச் சுற்றிப் பார்த்தார். "சாணியைப் பூசிச் சத்தத்தை நிறுத்தப் போகிறாராம். தாராளமாகப் பூசும், ஐயா. நானே கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்." சபையில் அவருக்கு வேண்டியவர்கள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

மறுநாள் விடியும் முன்னே அங்காயி தன் கொல்லைச் செடியிலிருந்து ஒரு கூடை இலை பறித்தாள். விடங்கன் சொன்னபடி அதை மைய அரைத்து, புளித்தண்ணீர் விட்டுக் குழைத்து, சாணியோடு கலந்தாள். "இதையா பூசப் போறீங்க?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு அவளுக்கே விளங்கிவிட்டது. எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அபயாம்பாள் கதவைத் திறந்துவிட, கூடத்துச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு வழவழவென்று பூசி முடித்தார்கள்.

பேரருளாளர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. காகம் கத்தியது. தெருவில் தயிர்க்காரி போனாள். உலக்கைச் சத்தம் மட்டும் வரவில்லை. ஊஞ்சலை நிறுத்திப் பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். வரவில்லை என்றால் வரவேயில்லை. வேறொரு மனிதராக இருந்தால், அப்பாடா, நிம்மதி என்று காலை நீட்டிப் படுத்திருப்பார். மூன்று வருஷமாகக் கேட்ட தூக்கம் அதோ ஊஞ்சலில் கிடக்கிறது. இவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார், சுவரண்டை போனார், ஈரச் சுவரில் வலது காதை அப்பிக்கொண்டார். அப்போது கேட்டது, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, தொப், தொப் என்று. அவ்வளவுதான், ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அங்காயி இடித்து முடிக்கும் வரைக்கும் மனிதர் அசையவில்லை.

பிறகு கிணற்றடியில் காதைக் கழுவினார். சாணி போய்விட்டது. மாலையில் சபைக்குக் கிளம்பும்போது அபயாம்பாள் அவர் காதைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லாமல் தலைப்பாகையை எடுத்துக் கொடுத்தாள். வழக்கம்போல் காது மறைய இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

சபையில் ஒரு ஓரமாக அங்காயி நின்றிருந்தாள். ராஜா கேட்டார்.

"பேரருளாளரே, சத்தம் வந்ததா?"

"வந்தது மன்னா. பொய் சொல்ல மாட்டேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு இடி."

ராஜா வருத்தத்தோடு விடங்கனைப் பார்த்தார். காலைப் புட்டு கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

"மன்னா," என்றான் விடங்கன், "தங்கள் உத்தரவு என்ன? சத்தம் சுவரைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"சத்தம் தாண்டவில்லை. அது பாட்டுக்குச் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்தது. இவர் காதுதான் அதைத் தேடிக்கொண்டு சுவர் வரைக்கும் போயிருக்கிறது. பேரருளாளரே, தயவுசெய்து தலைப்பாகையைக் கொஞ்சம் கழற்றுங்கள்."

"எதற்கு? சபையில் தலைப்பாகையைக் கழற்றுவது மரியாதை அல்ல."

"கழற்றும்" என்றார் ராஜா.

கழற்றினார். வலது காது மடல் மேலிருந்து கீழ் வரைக்கும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

"இது என்ன?"

"மருதாணி, மன்னா. சுவரில் பூசிய பச்சிலை அதுதான். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர் மேல் அது பறந்து வந்து ஒட்டாது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு நன்றாகப் பிடிக்காது. நெடுநேரம் அசையாமல் வைத்திருந்தால்தான் இந்தச் சிவப்பு வரும்."

ராஜா சிரித்தார் பாருங்கள், சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேற்றுக் கெக்கெக்கே என்றவர்களும் இப்போது இந்தப் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள். பேரருளாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மட்டுமல்ல, இன்னொருத்தியும் சிரிக்கவில்லை. அங்காயி முன்னால் வந்து நின்றாள்.

"ராசா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லம்மா."

அவள் ராஜாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பேரருளாளரைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, உங்க தூக்கத்தை நான் கெடுத்தது நெசந்தான். தெரியாம செஞ்சேன், மன்னிச்சுக்குங்க. ஆனா சுவர் வரைக்கும் நடந்து வந்தீங்களே, இன்னும் பத்து எட்டு வச்சிருந்தா என் வீட்டு வாசல். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

பேரருளாளர் குனிந்த தலை நிமிரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். அந்த வீடு அங்காயிக்கே என்றும், இனிமேல் அந்த ஊரில் யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பற்றி முதலில் பக்கத்து வீட்டு வாசலில் போய்ச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் சபைக்கு வர வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

வெளியே வரும்போது பேரருளாளர் விடங்கனை ஓரமாக அழைத்தார். "இது எப்போது போகும், ஐயா?"

"புதிதாகக் குத்தின தவிட்டைப் புளித்த மோரில் குழைத்து, தினமும் தேய்க்க வேண்டும். பத்து நாளில் மங்கும்."

"புதுத் தவிட்டுக்கு நான் எங்கே போவேன்?"

விடங்கன் அங்காயி போன பக்கம் பார்த்தான். அவருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அங்காயி வாசலில் பேரருளாளர் கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"உள்ள வாங்கய்யா. தவிடுன்னா இப்பத்தான் நெல்லுப் போட்டுக் குத்தணும். சத்தம் வருமே, பரவாயில்லையா?"

"குத்தும்மா" என்றார் அவர், மெதுவாக. உள்ளே படுத்திருந்த அவள் கணவனின் கட்டிலருகே போய், கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

சேதி சபைக்கு வந்தது. ராஜா புட்டுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நல்ல குஷியில் இருந்தார்.

"விடங்கா, ஒரு கிண்ணம் தவிட்டுக்கு எத்தனை குத்துக் குத்த வேண்டியிருக்கும்?"

"தெரியாது மன்னா. பேரருளாளர் கட்டிலோரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். வந்து சொல்வார்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்பதற்குள் தன் தோளில் இருந்த சரிகைச் சால்வையைக் கழற்றி விடங்கன் மேல் போர்த்திவிட்டார்.