அதிகாரி கேட்ட சாட்சி

தென்காசிப் பக்கத்துப் பரோட்டா மாஸ்டர் காசிம் சிங்கப்பூரிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். விடுமுறையில் வந்தவரை, வரி அதிகாரி வைகுண்டம் ஆபீசுக்கு வரச்சொன்னார்.

“அடடே, வாரும் காசிம்! எப்ப வந்தீரு, எப்ப கெளம்புதீரு?” என்று வாய்நிறைய வரவேற்றவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் விறைத்துக்கொண்டார்.

“நீர் இந்த ஊர்வாசிதான். சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்டணும்.”

காசிம் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

“காகிதம் எதுக்குவே? நீர் இங்கே குடியில்லைன்னு உள்ளூர்ப் பெரிய மனுசன் ஒருத்தர் வாயால சொல்லணும்.”

“நீங்களே சொல்லிட்டீங்களே சார்! உள்ளூர்லயே இருக்கிறவனைப் பார்த்து யாராவது ‘எப்ப கெளம்புதீரு’ன்னு கேப்பாங்களா?”

வைகுண்டம் சிரித்துவிட்டார். ‘வரி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். காசிம் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அடுத்த தடவை வரும்போது ரெண்டு கோடாலித் தைலம் கொண்டாரும்!”

“இப்ப சாட்சியும் ரெண்டாச்சு சார்!”