காணிக்கைக்குப் புறப்பட்ட கோப்பை

ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக் கோப்பை ஒன்று இருந்தது. மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கியதற்குக் கிடைத்த கோப்பை. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

அன்று நூற்றாண்டு விழா. பக்கத்துக் கோயிலில் நடக்கும் திருப்பலிப் பூசையின் காணிக்கைப் பவனியில் பள்ளியின் அடையாளமாக ஒரே ஒரு பொருள் பீடத்துக்குப் போகும். ஆயர் தம் கையாலேயே வாங்குவார். அது கோப்பைதான் என்று முடிவாகி, பல்பொடி போட்டுத் தேய்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள். கோப்பைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேசைக்குக் கீழே அரிசி டின். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிடியரிசி அதில்தான் சேரும். பிறகு இல்லாதவர் வீட்டுக்குப் போகும்.

"தம்பி, என்னையும் கூட்டிட்டுப் போயேன். ஆயரைப் பாத்ததே இல்ல" என்றது டின்.

"துருப்பிடித்த டப்பாவுக்குப் பீடம் கேட்கிறதோ? பேசாமல் இரு. நான்தான் இந்தப் பள்ளியின் முகம்!"

பத்தாம் வகுப்பு ஜெசிந்தா வந்து கோப்பையைக் கையில் எடுத்தாள். அதே நேரம் வெளியே ஒரே கூச்சல். வாய்க்கால் கரைக் குடிசைகளில் தீ! உயிர் தப்பினால் போதுமென்று ஜனங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்குள் ஓடிவந்தார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் சலேத்து உள்ளே பாய்ந்தார். "டின்னைத் தூக்குங்கடி! கஞ்சி வைக்கணும்!"

"சிஸ்டர், ஆயர் வர்ற நேரம்..." என்று இழுத்தாள் ஜெசிந்தா.

"வரட்டும். அவருக்கும் சேத்து ரெண்டு பிடி போடு!"

டின் கடகடவென்று சிரித்துக்கொண்டே சமையற்கட்டுக்குப் போனது. அரை மணியில் கஞ்சி கொதித்தது.

"டம்ளர் பத்தல சிஸ்டர்!" கோப்பையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள் ஜெசிந்தா.

"கையில என்ன வச்சிருக்க?"

"இது காணிக்கைக்கு... நம்ம விழா கெட்டுப்போச்சே சிஸ்டர்." ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நூறு வருஷமா பாடம்தான் நடத்தினோம். இன்னைக்குத்தான்டி பரீட்சை. ஊத்து!"

"ஐயோ, நான் பீடத்துக்குப் போக வேண்டியவன்!" என்று கோப்பை அலறியது. அதன் அலறல் யாருக்குக் கேட்டது? சுடச்சுடக் கஞ்சி விழுந்தது.

முகமெல்லாம் கரியாக ஒரு சின்னப் பெண். கோப்பையின் இரண்டு காதுகளையும் இரண்டு கையால் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்று நீட்டினாள்.

கோப்பைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பரிசளித்த அன்றுகூட இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை என்று கை மாறி மாறிப் பறந்தது.

அப்போது கோயில் மணி அடித்தது. ஆயர் வந்துவிட்டார்!

டின் பதறிப்போய்க் கத்தியது: "தம்பி, பவனிக்கு நேரமாச்சு! பீடத்துக்குப் போகலையா?"

"சும்மா இரு அண்ணே, வரிசையில இன்னும் பதினேழு பேர் நிக்கிறாங்க!"